பாதிரியாரிடம் மழையைப் பற்றிப் பேசக்கூடாது

என் கணவர் நெவிலுக்கு வாயில் எதுவும் தங்காது. முப்பத்தொரு வருடம் எங்கள் ஊரில் தபால்காரராக இருந்தார். வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் நாலு செய்தி சேர்த்துக் கொடுப்பார். அவர் ஓய்வு பெற்றதும் ஊரே மந்தமாகிவிட்டது என்று கறிக்கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கடைசியில் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த கல் வீட்டை வாங்கப் போனோம். எனக்கு அந்த வீட்டின் மேல் உயிர். பத்திரம் பார்த்த வக்கீல் மிஸ் த்ரெல்ஃபால் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சர்ச்சுல பீடத்துக்கு மேல இருக்கிற கூரை கெட்டுப்போனா, சில நிலத்துக்காரங்கதான் சரி பண்ணித் தரணும்னு ரொம்பப் பழைய சட்டம் ஒண்ணு இருக்கு. உங்க நிலமும் அதுல சேருமான்னு தெரியல."

"பாதிரியாரையே கேட்டுட்டு வந்துடறேன்," என்று நெவில் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க மிஸ்டர் பாம்ஃப்ரெட். கேட்டீங்கன்னா இன்சூரன்ஸ் கிடைக்காது. இப்ப ஒரு தடவை கட்டிட்டா, என்ன செலவு வந்தாலும் கம்பெனி பாத்துக்கும். ஆனா சர்ச்சுல யார்கிட்டயும் இதப் பத்தி மூச்சு விடக்கூடாது. விட்டா பாலிசி செல்லாது, கூரைச் செலவு உங்க தலையில விழும், வீட்ட வித்தாலும் தீராது."

"எத்தனை நாளைக்கு?"

"வீடு உங்களுதா இருக்கிற வரைக்கும்."

நெவிலின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன.

இதில் இன்னொரு கூத்து, அவர் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஞாயிறுதோறும் நிற்பதே அந்தக் கூரைக்குக் கீழேதான். மழை பெய்தால் சரியாக அவர் பிடரியில் சொட்டும். இன்சூரன்ஸ் கட்டிக் குடிவந்த நாளிலிருந்து ஆராதனை முடிந்ததும் பாதிரியாரைப் பார்க்காமல் ஓடிவர ஆரம்பித்தார்.

"கூரைய விட்டுட்டு வேற எதாவது பேசுங்களேன்," என்றேன்.

"நம்ம ஊர்ல எதப் பேசினாலும் வானத்துலதான ஆரம்பிப்போம், பெரில்? வானம்னா மழை. மழைன்னா ஒழுகல். அதுக்கப்புறம் என் வாய் என் கையில இல்ல."

ஏழு வாரம் இப்படியே ஓடியது. நெவில் மெதடிஸ்ட் சபைப் பக்கம் சாயப்போகிறார் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மதியம் கொட்டுகிற மழையில் பாதிரியார் க்வின்டனே வந்துவிட்டார், கையில் ஒரு பாட்டில் மார்மலேட் ஜாமோடு. நெவில் பின்வாசலைப் பார்த்தார். நான் அதை மறித்து நின்றுகொண்டேன்.

"நெவில், நான் எதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்றார் பாதிரியார். "என் மார்ஜரி தவறிப் போனதுக்கப்புறம் ஆராதனை முடிஞ்சதும் என்கூட நின்னு பேசினது நீங்க ஒருத்தர்தான்."

நெவில் பின்வாசலை விட்டுத் திரும்பி வந்தார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஒரு விஷயம் இருக்கு. அத நான் சொல்லக்கூடாது. என்னன்னும் கேக்காதீங்க."

பாதிரியார் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். பிறகு நெவிலைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"நான் கேக்கல. இந்தத் தெருவுல வீடு வாங்கினவங்க யாருமே என்கிட்ட மழையப் பத்திப் பேசறதில்ல. அதனால மத்ததும் பேசறதில்ல. கிரிக்கெட் பேசலாமா?"

"வேணாம், மழை வந்து நிறுத்திடும்," என்றார் நெவில்.

"அப்ப மார்ஜரியப் பத்திப் பேசலாமா?"

நெவில் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதிரியார் இரண்டு மணி நேரம் பேசினார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியும் அவளைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லையாம். நாங்களும் கேட்டதில்லை. வீடு போய்விடுமோ என்று பயந்து, பக்கத்திலேயே இருந்த மனிதரை இத்தனை நாள் தனியாக விட்டுவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ராத்திரிக்கும் இங்கேயே சாப்பிடுங்கள் என்று சொல்லி, இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன்.