ஹல்வார்ட் பூசிய கிரீஸ்

ஒழுங்காக ஓடுகிற எதையும் ஹல்வார்ட் அதன் பாட்டுக்கு ஓட விடமாட்டான். மர அறுவை ஆலையில் ஆயுள் முழுக்க மெக்கானிக்காக இருந்தவன். கெட்டுப்போன இயந்திரத்தைப் பிரித்தால் அது பிழைப்பு. நன்றாகத் தைத்துக்கொண்டிருந்த மைத்துனியின் தையல் மிஷினைப் பிரித்து, திரும்ப மாட்டியபோது இரண்டு திருகாணிகளை மிச்சம் வைத்தானே, அதை என்னவென்று சொல்வது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்கில் அவன் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒளித்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று பால் லாரி ஓட்டும் தொர்மோட் ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

அந்த வீட்டில் அவன் கை படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது அவன் மனைவி சிக்ருனின் ரைஃபிள். சுண்டுவிரல் நுனியளவு ரவை போடுகிற சின்னத் துப்பாக்கி, குறி பார்த்துச் சுடும் போட்டிக்கு மட்டுமே ஆனது. கல்யாணமான புதிதிலேயே சிக்ருன் கறாராகச் சொல்லிவிட்டாள்: "என் மேல கை வைக்கலாம். என் துப்பாக்கி மேல வச்சே, அப்புறம் மனுஷியா இருக்கமாட்டேன்."

போன வசந்த காலத்தில் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. வலது பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். கொட்டிய முடி வளர்ந்தது, முதியோர் இல்லத்து வேலைக்கும் திரும்பிப் போனாள். ஆனால் உடை மாற்றும்போது கதவைத் தாழிட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிலிக்கான் மார்பு டப்பாவிலேயே கிடந்தது. ஹல்வார்ட் ஏதாவது கேட்க வாயெடுத்தால், "உருளைக்கிழங்கு வெந்துடுச்சான்னு பாரு" என்பாள். பாவம், அவனும் போய்ப் பார்ப்பான்.

துப்பாக்கியையும் அவள் தொடவில்லை. படுத்துச் சுடும்போது பின்கட்டை தோளுக்குக் கீழே, சரியாகத் தழும்பின் மேல்தான் வந்து உட்காரும். ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும், சுடும் சங்கத்தின் தலைவியான அஸ்லாவைக் கூப்பிட்டு, ஆள் இருந்தால் சொல், விற்றுவிடலாம் என்றாள். அடுத்த அறையில் இருந்து ஹல்வார்ட் கேட்டுக்கொண்டிருந்தான். துப்பாக்கி போனால், அவளில் மிச்சமிருப்பதும் அதன் பின்னாலேயே போய்விடும் என்று அவனுக்குத் தோன்றியது.

"பிப்ரவரிப் போட்டி வரைக்கும் விக்காத," என்றான். "எங்கிட்ட குடு. சரி பண்ணித் தர்றேன்."

"துப்பாக்கிக்கு என்ன கேடு? ரிப்பேரானது நான்தான்."

"உன்னைச் சரி பண்ண எனக்குத் தெரியலையே சிக்ருன். தெரிஞ்சதையாவது பண்றேன்."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஹல்வார்ட் அடித்தளத்து அறையில் குடியேறினான் என்றே சொல்லவேண்டும். பழைய ஃபிளானல் தலையணை உறையைத் துண்டு துண்டாக வெட்டி, கரைப்பானில் நனைத்து, கம்பியில் கோத்துக் குழலின் பின்வாய் வழியாகத் தள்ளினான். முதல் துணி அடுப்புக்கரியாக வந்தது, பிறகு சாம்பல் நிறம், கடைசியில் வெள்ளை. கட்டையின் உள்ளே துளையிட்டு எடையைக் குறைத்தான். கன்னம் படுகிற இடத்தைச் சீவி அவள் முகத்துக்கு ஏற்றபடி இழைத்தான். பின்கட்டையை அறுத்தெடுத்து, தழும்பை விட்டு விலகித் தோள் மூட்டில் போய் உட்காரும்படி ஒரு வளைந்த தகட்டைச் செய்து மாட்டி, அதன்மேல் மான்தோல் மெத்தை வைத்துத் தைத்தான். அவள் உடம்பை அளக்க முடியவில்லை. கொடியில் காய்ந்த அவளுடைய சட்டையை அளந்துதான் செய்தான்.

கடைசியாக மிஞ்சியது போல்ட். அதுதான் துப்பாக்கியின் பின்வாயைத் திறந்து மூடுகிற இரும்புத் தண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் அதைத் தூக்கி இழுத்துத் தள்ளவேண்டும். வலது கையைத் தூக்கினாலே அவளுக்குச் சுருக்கென்று இழுக்கும். ஒற்றை விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்று, ஆலையில் பெரிய சக்கரங்களுக்குப் போடும் கிரீஸை எடுத்து, போல்டுக்கு உள்ளும் புறமும் குழைத்துப் பூசினான்.

வெதுவெதுப்பான அந்த அறையில் சுட்டுப் பார்த்தபோது ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. சிக்ருன் படுத்துப் பார்த்தாள், தோளை அசைத்துப் பார்த்தாள். "வலிக்கல," என்றாள். அன்றைக்கு ஹல்வார்ட் இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

போட்டியன்று மைனஸ் இருபது. காட்டுக்குள் ஐந்து இடங்களில் பனிமேல் படுத்து, ஒவ்வொரு இடத்திலும் கொடுத்த நேரத்துக்குள் ஆறு குண்டு சுடவேண்டும். இடத்துக்கு இடம் நடை. பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்குப் பின்னால் கூடவே நடப்பார்கள். காரிலிருந்து இறங்கிய சூட்டோடு முதல் இடத்தில் ஆறையும் கச்சிதமாகப் போட்டாள் சிக்ருன். "கிழவன் கை வச்சும் வேலை செய்யுதே!" என்று தொர்மோட் வியந்தான். இரண்டாவது இடத்துக்குப் போவதற்குள் குளிர் இரும்புக்குள் இறங்கிவிட்டது. அவள் விசையை அழுத்தினாள். டிக். வெடிக்கவில்லை. மறுபடி இழுத்துத் தள்ளி அழுத்தினாள். டிக். நேரம் முடிவதற்குள் மூன்றுதான் வெடித்தன. மூன்றாவது இடத்தில் ஒன்றே ஒன்று.

மூன்றாவது டிக்கிலேயே ஹல்வார்டுக்கு விளங்கிவிட்டது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு இறங்காதே, அந்தக் கதைதான் போல்டுக்குள் இருந்த கிரீஸுக்கும். போல்டுக்குள் இருக்கும் ஊசி பாய்ந்து குத்தினால்தானே தோட்டா வெடிக்கும்! பனிக்காலத்தில் போல்ட் காய்ந்து கிடக்கவேண்டும் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவள் கை வலிக்கக்கூடாது என்ற ஒரே நினைப்பு மற்ற எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

சிக்ருன் போல்டைக் கழற்றி, கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டு, விரலால் தடவி மோந்து பார்த்தாள்.

"இது என்ன, ரம்பத்துக்குப் போடுறதா?"

"வழுக்கிட்டுப் போகட்டும்னு..." என்று இழுத்தான் ஹல்வார்ட். "உன் கைக்கு..."

"நல்லாத்தான் வழுக்கி விட்டுது. நம்மளை."

"என்னோடதை எடுத்துக்கோ சிக்ருன்," என்று தொர்மோட் தன் துப்பாக்கியை நீட்டினான். முதல் தடவையாக அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"உன் கட்டை எனக்குக் குத்தும்ப்பா. இதுதான் என் உடம்புக்கு உட்காருது."

வெளியே ஒட்டியிருந்ததைத் துடைத்தாள். உள்ளே இருப்பதைக் காட்டில் வைத்து எப்படிக் கழுவ? அவ்வளவுதான், போட்டியை விட்டு விலகிவிடுவாள், சாயங்காலமே விற்றுவிடுவாள் என்று ஹல்வார்ட் நின்றான். அவள் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தாள். ஒரு வருடத்துப் பழக்கம், அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது ஜிப் மூடியிருந்தது. போல்ட் அவள் கையில் இல்லை. வெறும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

நான்காவது இடத்தில், சுடும் நேரம் வந்தபோதுதான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போல்டை எடுத்து மாட்டினாள். ஆறும் வெடித்தன. ஐந்தாவது இடத்திலும் அப்படியே. அக்குளில் இடுக்கி வைத்துச் சூடாக்குகிறாள் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஹல்வார்டும் அப்படித்தான் நினைத்தான். முடிவில் கடைசி இரண்டு பேருக்கு முன்னால் வந்தாள். அதற்குக் கைதட்டியவன் தொர்மோட் ஒருவன்தான்.

முடிவுகளோடு அஸ்லாவ் வந்தாள். "சிக்ருன், எல்வரும் டவுன்ல இருந்து வாங்குற ஆள் வந்திருக்கான். துப்பாக்கியைப் பார்க்கணுமாம்."

"வாஃபிள் சாப்பிட்டுட்டு வீட்டைப் பார்த்துப் போகச் சொல்லு. இது விக்கிறதுக்கு இல்ல."

ஹல்வார்ட் பைன் மரத்தடியில் நின்றான். கண்ணில் வந்தது இமையிலேயே உறைந்துகொண்டிருந்தது. சிக்ருன் அவனிடம் வந்து ஜாக்கெட்டைத் திறந்தாள். வலது பக்கம், கம்பளி உள்சட்டைக்கு உள்ளிருந்து போல்டை உருவி எடுத்தாள்.

"அங்கயா வச்சிருந்த?" என்றான். "ஐஸ் கட்டி மாதிரி இருந்திருக்குமே!"

"அங்க எனக்கு ஒண்ணும் தெரியாது. வெட்டினப்போ உணர்ச்சியும் சேர்ந்து போச்சு. டாக்டர் சொன்னாரு, நான்தான் உங்கிட்ட சொல்லல." சிரித்தாள். உடம்பு குலுங்கும் அந்தச் சிரிப்பை அவன் கேட்டு ஒரு வருடமாகிவிட்டது. "காலியாக் கிடந்த இடம் இன்னைக்குத்தான் சம்பாதிச்சுது."

அவனுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழுகையை நிறுத்தவும் முடியவில்லை. "என்னால கெட்டுதே சிக்ருன்."

"அழாத கிழவா. கையக் குடு இங்க."

அவன் கையுறையை உருவினாள். அறுவை ஆலையில் காய்ப்பேறிய அந்தக் கையைப் பிடித்து, ஊரே பார்க்க ஜாக்கெட்டுக்குள் இழுத்து, அந்தத் தட்டையான இடத்தின்மேல் வைத்தாள். ஹல்வார்ட் மூச்சுவிடக்கூடப் பயந்தான்.

"தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியல," என்றாள் சிக்ருன். "எடுத்துடாத."