திரையில் படுத்துவிட்ட அலை

திண்டுக்கல்லில் டாக்டர் ஃபாயிஸாவின் கையால் மயங்கி எழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அறுவை செய்த டாக்டரின் பெயர்தான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பதினெட்டு வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருக்கும் ஃபாயிஸாவுக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. தூங்கியவர் கண் விழித்தால் அவருக்குப் போதும்.

போன ஆவணியில் ஒரு காலை, வடமதுரைப் பக்கத்துத் தக்காளி விவசாயி நல்லுசாமிக்குச் சிறுநீரகக் கல்லை முதுகுவழியாக எடுக்க வேண்டியிருந்தது. மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள் சுவாசக் குழாய் வைத்து, நாலு பேராகச் சேர்ந்து அவரை ட்ராலியிலிருந்து மேசைமேல் குப்புறப் படுக்கவைத்தார்கள்.

ஃபாயிஸா மானிட்டரைப் பார்த்தார். இதயத் துடிப்பு சீராக ஓடியது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் நூறு என்றது. வெளிவிடும் மூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் அலை மட்டும் இரண்டு முறை குட்டையாக எழுந்து, கோடாகப் படுத்துவிட்டது. அலாரம் அலறியது.

ஆக்சிஜன் எண்ணை அவர் நம்பவில்லை. உடம்பில் இருப்பு தீரும்வரை அது நூறென்றே சொல்லும்.

"டாக்டர், செத்த பொறுங்க. இன்னும் ஆரம்பிக்காதீங்க" என்றார் அறுவை செய்யவிருந்தவரிடம். இணைப்புகள் எதுவும் கழலவில்லை. ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். காற்று உள்ளே போகும் சத்தமே இல்லை. புரட்டும்போது குழாய் நழுவியிருந்தது.

"ஸ்டீபன், ட்ராலி!"

"இங்கனதான் நிக்கிது மேடம். நீங்க அலையப் பாத்து சரின்னு சொல்லாம நான் வெளிய தள்ள மாட்டேன்ல" என்றார் டெக்னீசியன் ஸ்டீபன்ராஜ்.

குப்புறக் கிடப்பவருக்குக் குழாய் வைப்பது கஷ்டம். நல்லுசாமியை ட்ராலிமேல் மல்லாக்கத் திருப்புவதற்குள் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கியது. பீப் ஒலி கம்மிக்கொண்டே போனது. எண்பத்தெட்டு. மாஸ்க்கை அழுத்தி மூச்சு கொடுத்து, குழாயை மறுபடி வைத்தார். திரையில் அலை எழுந்தது. அடுத்ததும் எழுந்தது. எண் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியபோதுதான் ஃபாயிஸாவுக்குத் தம் மூச்சு வந்தது. குழாயை இறுக ஒட்டி மெல்லப் புரட்டினார்கள். கல்லும் நல்லபடியாக வெளியே வந்தது.

மதியம் நல்லுசாமியின் மனைவி அய்யம்மாளை அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார் ஃபாயிஸா.

அய்யம்மாளின் கண் கலங்கியது. "இம்புட்டு நடந்துச்சா தாயி? நீங்க சொல்லலேன்னா எங்களுக்கு எங்குட்டுத் தெரியப்போவுது? நல்லா இருக்கணும் நீங்க."

"நான் மட்டும் இல்லம்மா. ட்ராலிய வெளிய அனுப்பாம வச்சிருந்தாரே ஸ்டீபன், அவருக்கும் சொல்லுங்க."

அய்யம்மாள் நேரே போய் ஸ்டீபன்ராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டீபன் கூச்சத்தில் நெளிந்தார். கட்டிலில் கிடந்த நல்லுசாமி அரைக்கண்ணைத் திறந்து, "கல்ல எடுத்தாச்சா, இனிமேதானா?" என்றார்.

ஃபாயிஸா மனசுக்குள் அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே சிரித்தார்.