அகலத்துக்கு எண் கிடையாது

நாற்பது ஆண்டுகளாகப் பெருமாளின் திருவடியைப் பாடி வருகிறேன். பாசுரங்கள் அதைத் தாமரை என்கின்றன, தளிர் என்கின்றன, மூவுலகையும் அளந்தது என்கின்றன. அதன் அகலம் எவ்வளவு என்று மட்டும் ஒரு வரியும் கிடையாது. அவனுக்குக் கவலையில்லை, ஷூ வாங்கக் கடையேற வேண்டிய நிலை அவனுக்கு வந்ததில்லை. எனக்கு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு அது. எனக்கு வாய்த்திருப்பது முன்புறம் முறம் போல் விரிந்த பாதம். சுண்டுவிரல் மற்ற நான்கோடும் பிணக்குக் கொண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சர்க்கரை வியாதியும் வந்து சேர்ந்தபின், அந்த விரலில் செருப்பு உராய்ந்து இருமுறை புண்ணாயிற்று. டாக்டர் கன்னடக்காரர், என்னிடம் மரியாதை கருதித் தமிழில் தொடங்கி, கெட்ட செய்திக்கு மட்டும் தம் தாய்மொழிக்குப் போய்விடுவார்.

"நோடி ஸார், இன்னொரு தடவை புண்ணு வந்தா பெரளு தெகீபேக்கு."

விரலை எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தப்பிக்க ஒரே வழி, ஓடுகிறவர்கள் அணியும் மெத்தென்ற ஷூவைப் போட்டுக்கொண்டு தினமும் ஏரிக்கரையில் வேகமாக நடந்து சர்க்கரையைக் குறைப்பது என்றார்.

"பங்குனி உற்சவத்தில் கோஷ்டியோடு வீதியில் நடக்கலாமா?" என்று கேட்டேன். பெருமாள் புறப்பாட்டின்போது பல்லக்குக்கு முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு செல்லும் குழுவே கோஷ்டி. அதில் முதல் வரிசை எனக்கு. வேறெந்த முதல் வரிசையிலும் எனக்கு இடம் கிடைத்ததில்லை.

"புண்ணு பூர்த்தி ஆறினா போங்க. இல்லாட்டி வீட்டுலயே உக்காந்து பாடுங்க. தேவருக்குக் கேக்கும்."

பெருமாளுக்குக் கேட்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. பக்கத்து வரிசைக்காரர் என் இடத்தில் நிற்பாரே என்பதுதான் என் வருத்தம்.

கடைத்தெருவில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். விற்பனையாளர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்துத் தமிழில் வரவேற்றார்.

"வாங்க சாமி. என்ன நம்பருங்க?"

"ஏழு. ஆனால் அகலமாக வேண்டும்."

"அகலத்துக்கு நம்பர் இல்லீங்க. நீளத்துக்குத்தானுங்க. எட்டு போடுங்க."

எட்டு கடித்தது. ஒன்பது நெருக்கியது. பத்தாம் எண்ணில் சுண்டுவிரல் ஒருவாறு அடங்கியபோது, கட்டைவிரலுக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் உருளும் அளவுக்குக் காலி மனை கிடந்தது.

"முன்னால பஞ்சு வச்சுக்கலாமுங்க."

"பக்கத்தில் இடிக்கிறதே?"

"ரெண்டு நாள் நடந்தீங்கன்னா தன்னால விட்டுக் குடுக்குமுங்க."

விட்டுக் கொடுக்கப்போவது ஷூவா, என் விரலா என்பதை அவர் விளக்கவில்லை. அண்ணன் காடேறியபோது தம்பி அவருடைய பாதுகைகளைச் சிம்மாசனத்தில் ஏற்றியதற்குப் பக்தியே காரணம் என்று உபந்நியாசங்களில் கேட்டிருக்கிறேன். காலில் போட்டுப் பார்த்திருப்பார், அளவு சேர்ந்திருக்காது என்று அன்று முதன்முறையாகத் தோன்றியது.

பெங்களூரில் இருக்கும் என் சம்பந்தி, அதாவது பெண்ணின் மாமனார், தொலைபேசியில் இதைக் கேட்டு ஆறுதல் சொன்னார். வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் பட்டறை ஒன்றில் அவருக்குத் தெரிந்தவர் இருக்கிறாராம். "அளவு அனுப்புங்கோ, பாக்கியை நான் பாத்துக்கறேன்."

காகிதத்தில் கால் வைத்துப் பென்சிலால் வரைவது உலக வழக்கம். பென்சில் வெளிப்பக்கம் சாய்ந்து, இருப்பதற்கு மேல் அகலத்தைக் காட்டிவிடும். எனக்கு இருப்பதே போதும். ஆகவே, கோலத்துக்குக் கரை கட்ட மனைவி கரைத்து வைத்திருந்த காவியில் இரண்டு கால்களையும் தோய்த்து, பழைய வெள்ளை வேஷ்டித் துண்டின்மேல் ஏறி நின்றேன்.

"காவி கரைச்சது வாசலுக்கு. உங்க காலுக்கில்லை" என்றாள் அவள்.

"அளவு துல்லியமாக இருக்க வேண்டாமா?"

"நன்னா இருக்கு. ஆனை வந்து நின்ன மாதிரி."

துணி உலர்ந்ததும் மடித்துப் பையில் வைத்தேன். மனைவி தன் பங்குக்குக் கோயில் துளசியையும் குங்குமத்தையும் அதே பையில் போட்டாள். கோஷ்டி நண்பர் ஒருவர் பெங்களூர் போனார். பாசுரம் தவிர வேறெதற்கும் வாய் திறவாதவர். சம்பந்தி அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தாராம். பையைச் சம்பந்தி மாமியிடம் நீட்டி, "மைசூர்லேர்ந்து" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

சில நாள் கழித்து நானே தொலைபேசியில் கேட்டேன்.

"மாமி, துணி வந்து சேர்ந்ததா?"

"வந்தது மாமா! என்ன பாக்கியம் பண்ணினோமோ! ரெண்டு வேளையும் பாத்துக்கறோம்."

ஒரு ஜோடி ஷூவுக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்து போனேன். சம்பந்தி வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும் என்று மனைவியிடமும் சொன்னேன்.

தை பிறந்தது. ஷூ பிறக்கவில்லை. சுண்டுவிரல் மீண்டும் சிவந்து மினுமினுத்தது. இனிப் பொறுப்பதற்கில்லை என்று பெங்களூருக்கு ரயிலேறினேன்.

கால் கழுவி உள்ளே போனதும், "முதல்ல சேவிச்சுக்கோங்கோ மாமா" என்று மாமி பூஜை அறைக்கு அழைத்துச் சென்றார். எங்கள் குலத்தார் வீடுகளில் ஆசாரியரின் திருவடியைத் துணியில் பதித்து வாங்கி, ஸ்ரீபாதம் என்று பெருமாளோடு வைத்துப் பூஜிப்பது வழக்கம். இங்கும் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் சந்தனமும் பூவுமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் பிணக்கோடு வெளியே சாய்ந்திருந்தது.

"எவ்வளவு விசாலம் பாருங்கோ!" என்றார் மாமி. "மகான்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

அவர் விழுந்து சேவித்தார். நான் நின்றுகொண்டிருந்தால் அபசாரம், நானும் விழுந்தேன். தன் காலில் தானே விழும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சமையலறைப் பக்கம் ஒதுங்கியபோது என் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, அது உங்க கால்தானே?"

"முன்பே தெரியுமா உனக்கு?"

"அந்தச் சுண்டுவிரலை எனக்குத் தெரியாதா? நான் ஆபீஸ்லேர்ந்து வரதுக்குள்ள பக்கத்தாத்து மாமிகள்லாம் சேவிச்சு, தீர்த்தமும் வாங்கிண்டாச்சு. அப்பறம் என்னன்னு சொல்றது?" குரலை இன்னும் தாழ்த்தினாள். "தயவு பண்ணி வாயத் திறக்காதேங்கோ. பொறந்தாத்துலேர்ந்து ஸ்ரீபாதம் வந்துதுன்னு, அன்னிலேர்ந்து என் ரசத்துல மாமியார் உப்புக் குறை சொல்றதில்லை."

மாலையில் சம்பந்தி அலுவலகத்திலிருந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அளவு அனுப்பறேன்னேளே, வரவேயில்லையே?" என்பதுதான். வந்த அளவு அவருக்குப் பின்னால், பூஜை அறையில் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. தினமும் காலையில் அதைச் சேவித்துவிட்டுத்தான் அவர் ஆபீசுக்குப் புறப்படுகிறாராம்.

"மறந்துவிட்டேன்" என்றேன். பின்கட்டில், கிழித்த காலண்டர் தாள்மேல் என்னை நிற்க வைத்துப் பெண் பென்சிலால் வரைந்தாள். உலக வழக்கமே வென்றது.

இரண்டு வாரத்தில் ஷூ வந்தது. அழகைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது. பரிசல் இரண்டு என்றால் போதும். ஆனால் உள்ளே ஐந்து விரல்களும் தத்தம் இடத்தில் சண்டையின்றி வசித்தன. பஞ்சகச்சமும் திருமண்ணும் அந்தப் பரிசல்களுமாகக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நான் விரைந்தபோது, எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள். மரியாதையால் என்று வைத்துக்கொண்டேன். சர்க்கரை இறங்கியது. புண் ஆறியது. டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இம்முறை தமிழிலேயே, "போங்க ஸார்" என்றார்.

பங்குனி உற்சவத்துக்குச் சம்பந்தி மாமியும் வந்திருந்தார். கோயில் வாசலில் ஷூவைக் கழற்றினேன். திருட வருபவன் தன் காலை எண்ணிப் பார்த்து விலகிவிடுவான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குழாயில் கால் கழுவிக் கல்தளத்தில் நடந்தேன். பின்னால் வந்த மாமி சட்டென்று நின்றுவிட்டார். தளத்தில் என் ஈரக்கால்கள் வரிசையாகப் பதிந்திருந்தன, வெளியே சாய்ந்த சுண்டுவிரலோடு. அவர் தரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மீண்டும் தரையைப் பார்த்தார். என் பெண்ணின் ரசம் என் கண்முன் வந்து போனது.

"மாமா..." என்றார் மெதுவாக. "அந்த மகானோட அம்சம் உங்களுக்கும் கொஞ்சம் வந்திருக்கு."

எந்த ஷூ கடையிலும் என் காலைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை கேட்டதில்லை. கைகூப்பிவிட்டு முதல் வரிசையில் என் இடத்தில் போய் நின்றேன். பக்கத்து வரிசைக்காரர் சற்றே ஏமாற்றத்தோடு நகர்ந்துகொண்டார். பல்லக்கு எழுந்தது. வீதி சுட்டது; விரல் வலிக்கவில்லை.