நீர்ப்பிரம்மியும் பக்கத்து மனை பைலிங்கும்

அடையாறில் ஒரு சிறிய ஆய்வகத்தில் நீர்ப்பிரம்மிச் சாற்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனச்சோர்வைக் குறைக்கும் பொருள் அந்தச் செடியில் இருக்கிறதா என்பதுதான் என் முனைவர் பட்டத்துக்கான கேள்வி. எலியைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி ஜாடியில் ஆறு நிமிடம் விடுவோம். சோர்ந்த எலி சீக்கிரமே அசையாமல் மிதக்கத் தொடங்கும். மருந்து வேலை செய்தால் அதிக நேரம் நீந்தும். அவ்வளவுதான் சோதனை.

முதல் சுற்றில் சாறு குடித்தவை அருமையாக நீந்தின. மேற்கு மாம்பலத்தில் எங்கள் மாடியில் குடியிருப்பவர்கள் வரைக்கும் சொல்லிவிட்டேன். இரண்டாம் சுற்றில் எல்லா எலிகளும் ஒரே மாதிரி மிதந்தன. ஒப்பிடுவதற்காக, மனச்சோர்வுக்கு டாக்டர்கள் எழுதித்தரும் மாத்திரையைக் கொடுத்திருந்த எலிகளும் மிதந்தன.

"மாத்திரையே வேலை செய்யலைன்னா செடிய குத்தம் சொல்ல முடியாதும்மா. உன் கையிலதான் ஏதோ சரியில்ல," என்றார் என் வழிகாட்டி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. ஜாடிகளைத் தேய்த்துக் கழுவினேன், தண்ணீரின் சூட்டை அளந்தேன், எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். எலிகள் மிதந்தன.

எலி அறையைப் பார்த்துக்கொண்டவள் நொச்சிக்குப்பத்துப் பெண், என் வயதுதான். ஒருநாள் கூண்டுகளில் உமி மாற்றிக்கொண்டே சொன்னாள்:

"பத்து மணியானா போதும் மேடம், எல்லாம் உமிக்குள்ள பூந்துக்குது. தீனிகூடத் தொடறதில்ல. ஒரு மாசமா இப்டிதான் கீது."

"பத்து மணிக்கு என்ன ஆகுது?"

"அந்த ரேக்குல கைய வெச்சுப் பாருங்க."

வைத்தேன். இரும்பு அலமாரி மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மனையில் அடுக்குமாடிக்குப் பைலிங் போட, அஸ்திவாரத் தூண்களைத் தரையில் இடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் சுற்று முடிந்த பிறகு தொடங்கிய அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. நான் சோதனை செய்ததெல்லாம் பதினொரு மணிக்கு.

வழிகாட்டியை அழைத்துவந்து கை வைக்கச் சொன்னேன். கையை எடுத்தவர், "நான் சொன்னது தப்பு," என்றார்.

பின்கட்டடத்தில் காலியாக இருந்த ஸ்டோர் ரூமை வாங்கித் தந்தார். அங்கே அதிர்வு வரவில்லை. புதிய எலிகள் வந்தன. பழகுவதற்கு இரண்டு வாரம் விட்டோம். இந்த முறை என் ஆசை கணக்கில் கலந்துவிடாதபடி, எந்த எலிக்கு எது கொடுத்தோம் என்ற பட்டியலை அவள்தான் வைத்துக்கொண்டாள். நான் எண்களை மட்டும் பார்த்து, ஸ்டாப்வாட்சை அழுத்தி, நேரத்தைக் குறித்தேன்.

கடைசி நாள் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் பட்டியலைப் படித்தாள், நான் நேரங்களைச் சொன்னேன், வழிகாட்டி பிரித்து எழுதினார். பாதியிலேயே தெரிந்துவிட்டது. நன்றாக நீந்தியவை சாறோ மாத்திரையோ பெற்றவை. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்ல இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆனால் என் கையில் தப்பில்லை, செடியிலும் விஷயம் இருக்கிறது. அறைக்கு வெளியே போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

கட்டுரை எழுதும்போது அவள் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்க்க வேண்டும் என்றேன். வழிகாட்டி உடனே தலையாட்டினார்.

"என் பேரா?" என்றாள் அவள். கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரைக்கு அருகில் வந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள்.

"இனிஷியல் உட்டுப்போச்சு மேடம். அதயும் போடுங்க."