மீடியம் சைஸ் சிவராஜ்

ஜன்னல் கம்பியில் கட்டிய எலாஸ்டிக் நாடாவின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு, துடுப்புப் போடுகிறவர் போலப் பின்னால் இழுக்கிறார் சிவராஜ். இடுப்புப் பட்டைக்கு வாங்கி, நிறம் சேராமல் ஒதுக்கிய நாடா அது. கை இழுக்கிறது, வாயும் சும்மா இல்லை. "துணி சாயங்காலம் வந்துருமுங்களா? நேத்தும் இதையேதானுங்க சொன்னீங்க!" என்று மேஜைமேல் ஸ்பீக்கரில் கிடக்கும் போனைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். நாடாவை விட்டதும் அது கம்பியில் பட்டென்று அடிக்கிறது.

முதலிபாளையத்து பனியன் கம்பெனியின் மாடி ஆபீசில் இதை இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சிவராஜ் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர். உட்கார்ந்திருப்பது என்றால் அப்படி ஒரு உட்கார்தல்! காலையில் நாற்காலியில் விழுந்தால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுவார். வலது கை எட்டத்தில் இருக்கும் மவுசை நோக்கித் தொங்கும். இடது தோள் காது வரை ஏறி, போனை அணைத்துக்கொண்டிருக்கும். கழுத்தில் சுருக்கென்று குத்தும், விரல்கள் மரத்துப்போகும். அதெல்லாம் ஒரு வலியா என்று கையை உதறிவிட்டு அடுத்த மெயிலைத் திறப்பார். "தெக்கறவங்களுக்குத்தானுங்க ஒடம்பு நோகும். நாம ஏசில உக்காந்திருக்கறோம், நமக்கென்னங்க?"

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஏகப்பட்ட பெருமை. புது மாடல் எது வந்தாலும் முதல் பனியனை மீடியம் அளவில் தைத்து, ஒரு ஆளுக்குப் போட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அந்த ஆள் சிவராஜ்தான். மார்பும் தோளும் கை நீளமும் அளவு அட்டையிலிருந்து எழுந்து வந்தது போல இருக்கும். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வந்தால் டம்ளரை மூடிக்கொள்வார். "வேண்டாமுங்க, மீடியம் போயிரும்."

போன மாதம் வந்த காலர் பனியனில்தான் வினை ஆரம்பித்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர், சாம்பிள் டெய்லர் சீனிச்சாமியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சீனி, வலது ஷோல்டர் எறங்கி நிக்குது பாருங்க."

சீனிச்சாமி சிவகங்கைப் பக்கத்துக்காரர். பனியனைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்தார். மறுபடியும் இறக்கம். கழுத்துப் பட்டை சரியில்லை, துணி இழுக்கிறது, மெஷினே சரியில்லை என்று சிவராஜ் குதித்தார். சீனிச்சாமி மறுபடியும் தைத்தார். மறுபடியும் இறக்கம். கடைசியில் பனியனைக் கழற்றச் சொல்லி மேஜைமேல் விரித்து அளந்தார். இரண்டு தோளும் சரிசமம். இஞ்ச் டேப்பை அப்படியே சிவராஜின் தோளுக்குக் கொண்டுபோனார்.

"அண்ணே, பனியன்ல ஒண்ணுமில்ல. நீங்கதான் ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கிறீக."

ஆபீசே சிரித்தது. பக்கத்து மேஜை சுபஸ்ரீ விடவில்லை. "அப்ப பீஸு பாஸுங்க, அண்ணன்தான் ரிஜெக்ட்டுங்களா?"

மேனேஜர் இளங்கோ மட்டும் சிரிக்காமல், அக்கவுன்ட்சில் புதிதாகச் சேர்ந்த நிதிஷை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த சாம்பிளுக்குள்ள நேராயிட்டீங்கன்னா சரிங்க சிவராஜ். இல்லீன்னா நம்ம நிதிஷுக்குப் போட்டுப் பாத்துக்கலாம்." நிதிஷும் மீடியம்தான். அதுவும் சாயாத மீடியம்.

அன்றைக்குப் பிடித்தது சிவராஜுக்கு வேகம். மண்ணரையில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தார். நாடா இழுப்பது உட்பட அவர் சொன்னதையெல்லாம் கம்பெனிச் சாமான்களை வைத்தே செய்து முடித்தார். அட்டைப் பெட்டிகளை அடுக்கி மானிட்டரைக் கண் மட்டத்துக்கு ஏற்றினார். கட்டிங்கில் மிஞ்சிய துண்டுத் துணியைப் பையில் திணித்து இடுப்புக்கு அணை வைத்தார். காலி நூல் கோன் ஒன்று பாதத்துக்கு அடியில் உருள்கிறது. மவுசை இடது கைக்கு மாற்றிய முதல் நாள், முக்கியமான மெயில் ஒன்றை அழித்துவிட்டு, "பரவால்லீங்க, கை நோவலையே!" என்று ஆர்ப்பரித்தார். போனில் கேட்கிற கேள்விகளைக்கூட இப்போது கீழே இறங்கிப் போய்க் கேட்கிறார். செக்கிங் டேபிள் மருதாளுக்கு ஒரே ஆச்சரியம். "நம்ம சாருக்கு நடக்கக்கூடத் தெரியுமாட்ட இருக்குதே!"

இன்றைக்கு அடுத்த சாம்பிள் வந்துவிட்டது. நீல வட்டக் கழுத்து பனியன். சிவராஜ் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று நிதிஷ் தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். இளங்கோ கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கோணலைக் குறிக்கக் கையில் சாக்பீஸுடன் குனிந்த சீனிச்சாமி, பனியனின் கீழ் விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அண்ணா, பையருங்க!" சுபஸ்ரீ ஓடிவந்து நீட்டினாள். சிவராஜின் கை வாங்கியது. அவரைக் கேட்காமலே இடது தோள் காதை நோக்கிக் கிளம்பியது. வலப்பக்க விளிம்பு சரசரவென்று கீழே இறங்கியது.

"அண்ணே!" என்றார் சீனிச்சாமி.

சிவராஜ் கண்ணாடியைப் பார்த்தார். ஏறிய தோள் பாதி வழியில் நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. நீல விளிம்பும் கூடவே ஏறி, தொட்டி நீர் அடங்குவது போல நேராக நின்றது. சீனிச்சாமி கோடு போடாமலே சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார்.

சிவராஜ் ஸ்பீக்கரை அழுத்தி, போனை மேஜைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தலையைத் திருப்பாமல், கண்ணாடியில் தெரிந்த மீடியத்தைப் பார்த்து, "ஹலோ!" என்று உரக்கச் சொன்னார்.