கிளிஃப் பார்லோவின் சைபர்

முன்னறையிலிருந்து ஆயிரக்கணக்கான பேரின் கூச்சல் ஒரே மூச்சாகக் கிளம்பியது. சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கிளிஃப் பார்லோவின் கை அப்படியே நின்றது.

"போட்டுட்டானா?"

"இல்ல கண்ணு! தலையால முட்டினான், கம்பிக்கு மேல போயிடுச்சு," என்று தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து மவுரீன் கத்தினாள். "பனைமரம் மாதிரின்னு சொல்லுவாங்களே, அப்படி வளந்திருக்கான். ஒரு பந்த உள்ள தள்ளத் தெரியுதா பாரு!"

கிளிஃப் மறுபடி கத்தியை எடுத்தார். கண் முன்னறைப் பக்கமே போனது. கிழங்கு பாதிக்குப் பாதி தோலோடு போய்க்கொண்டிருந்தது.

முன்பின் பார்த்திராத ஒரு பையன் எப்படியாவது கோல் போட்டுவிட வேண்டும் என்று எழுபத்தேழு வயது மனிதர் ஏன் இப்படித் தவிக்க வேண்டும்? காரணம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்தின் உச்சப் பிரிவில், கோல்காவலர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அதிக ஆட்டங்கள் ஆடியும் ஒரு கோல்கூடப் போடாதவர் அவர்தான். ரேவன்ஷா ரோவர்ஸ் அணிக்காக முந்நூற்றுப் பதினெட்டு ஆட்டங்கள். கோல் சைபர். அரை நூற்றாண்டாக அந்த இடத்தை யாரும் தொட்டதில்லை. போன வாரம் லண்டன் அணி ஒன்றின் தடுப்பாட்டக்காரன் டெவான் மார்ஷ் தொட்டுவிட்டான். இன்றும் அவன் கோல் போடாமல் ஆட்டம் முடிந்தால் முதலிடம் அவனுக்கு. போட்டுவிட்டாலோ, அவன் அந்தக் கணக்கிலேயே இருக்க மாட்டான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பு. கிளிஃபுக்கு இது வாழ்க்கை. பத்தொன்பது வயதில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரராக அணியில் சேர்ந்த நாளில் மேலாளர் அவரை மையக்கோட்டுக்கு அழைத்துப்போய், "இத தாண்டினா காலை ஒடிச்சிடுவேன்," என்றார். கிளிஃப் தாண்டவில்லை. மற்றவர்கள் முன்னே ஓடிப் பேர் வாங்கினார்கள். அவர் பின்னே நின்று, கோல் கோட்டைத் தாண்டவிருந்த பந்துகளை முகத்தாலும் நெஞ்சாலும் மறித்தார். மூக்கு இரண்டு முறை உடைந்தது. அந்தச் சைபரைப் பார்த்துத்தான் ரசிகர்கள் பாட்டுக் கட்டினார்கள். "பார்லோ கோல் போட்டா, நாங்க எல்லாம் மைதானத்துல!" அதாவது அவர் ஒரு கோல் போட்ட மறு நொடி மொத்தக் கூட்டமும் வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கும் என்று சபதம். பாவம், குதிக்க வாய்ப்பே வரவில்லை.

ஆட்டத்தை விட்டபின் ஊர்ப் பேருந்து ஓட்டினார். ஏறுகிறவர்களில் பாதிப் பேர், "கிளிஃப், இந்த பஸ் கோல் பக்கம் போகுமா?" என்பார்கள். "அந்தப் பக்கம் வழி தெரியாது, உக்காருங்க," என்பார் அவர். கறிக்கடையில் மவுரீனிடம், "உன் வீட்டுக்காரர் இன்னைக்காவது போட்டாரா?" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி வருவாள். வீட்டுக்கு வந்தபின் ரோஜாச் செடியை நறுக் நறுக்கென்று கத்தரித்துக்கொண்டே அதனிடம் பதில் சொல்வாள்.

வாசல் மணி அடித்தது.

நின்றுகொண்டிருந்தவர் ரே டாட்டர்சால். அந்தக் கால ரேவன்ஷாவின் முன்கள நாயகன். இப்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கையில் கடைப்பை ஒன்று தொங்கியது.

"வாடா கிழவா. துக்கம் விசாரிக்க வந்தியா?"

"உள்ள விடு சைபர். மழை."

சமையலறை மேசையில் ரே பையைக் கவிழ்த்தார். பழுப்பேறிய தோல்பந்து ஒன்று உருண்டு சர்க்கரைக் கிண்ணத்தில் முட்டி நின்றது. மேலே மங்கிப்போன கையெழுத்துகள். ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவனுக்கு அந்த ஆட்டத்துப் பந்தைக் கூட்டாளிகள் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். ரேயின் ஹாட்ரிக்கோ சாதாரணமானதல்ல. இடது காலால் ஒன்று, வலது காலால் ஒன்று, தலையால் ஒன்று. ரேவன்ஷாவின் வரலாற்றில் அப்படி ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"எதுக்குடா இத தூக்கிட்டு வந்தே?"

"மூணாவது கோல் என்னுது இல்ல, கிளிஃப்." ரே பந்தைச் சுட்டிக்காட்டினார். "மூலையில இருந்து அடிச்ச அந்தக் கார்னர். அன்னைக்கு ஒருநாள்தான் நீ கோட்டத் தாண்டி முன்னால வந்தே. நான் எகிறினேன், எனக்கு எட்டல. உன் மேல பட்டு உள்ள போச்சு. மழையில, சேத்துல, அத்தனை பேரு நெரிசல்ல யாருக்கும் தெரியல. எல்லாரும் ஓடிவந்து என்னக் கட்டிப்பிடிச்சாங்க. நான் வாயத் தொறக்கல. இத்தனை வருஷமாத் தொறக்கல."

கிளிஃப் பந்தைப் பார்க்கவில்லை. கிழங்குகளைத் தண்ணீரில் போட்டார்.

"தெரியும்டா," என்றார்.

"என்னது?"

"பட்டது என் காதுல. எனக்குத் தெரியாதா?"

சமையலறை வாசலில் மவுரீன் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ! முகம் வெளுத்திருந்தது.

"காதா? அன்னைக்கு வீங்கிப்போய், செக்கச்செவேல்னு வந்தியே, அந்தக் காதா? டீம் பஸ் கதவு இடிச்சிடுச்சுன்னு சொன்னியே! நான் ராத்திரி பூரா ஈரத் துணி வெச்சேனே!"

"கதவுன்னு சொன்னா நீ அதிகமா கேள்வி கேக்க மாட்டேன்னு..."

"உன்ன நானே கொல்லணும் கிளிஃப் பார்லோ! ஊரே என்னக் கேலி பண்ணிச்சு. நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்துல இருந்து அழுதுட்டு வந்தா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அவள் சமையல் மேலங்கியின் நுனியால் கண்ணை அழுத்திக்கொண்டாள்.

ரே கைபேசியை எடுத்தார். "அதான் வந்தேன், மவுரீன். இன்னும் பத்து நிமிஷம் ஆட்டம். அந்தப் பையன் போட மாட்டான். அப்புறம் இவன் சைபரும் போயிடும், கையில ஒண்ணுமே இருக்காது. அதுக்கு முன்னாடி வானொலிக்காரனக் கூப்பிட்டு உண்மையச் சொல்லிடறேன். சைபர் போனாப் போகட்டும், இவனோட கோலாவது இவனுக்கு இருக்கட்டும்."

"கூப்பிடு," என்றாள் மவுரீன். "இப்பவே கூப்பிடு."

கிளிஃப் ஈரக் கையால் ரேயின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வைடா கீழ."

"ஏன்?"

"அது என்ன வாரம்னு ஞாபகம் இருக்கா? வியாழக்கிழமை உங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டு சனிக்கிழமை ஆட வந்தே. மூணாவது கோல் விழுந்ததும் சேத்துல முட்டி போட்டு வானத்தப் பாத்து, 'அம்மா, பாத்தியா'ன்னு கத்தினே. நான் உனக்குப் பக்கத்துலதான் விழுந்து கிடந்தேன். அந்த நேரத்துல எழுந்து, அது உன்னுது இல்லடான்னு சொல்லச் சொல்றியா?"

ரே தலைகுனிந்தார். வழுக்கையில் மழைத்துளிகள் இன்னும் நின்றிருந்தன.

"அப்ப சொல்லல, சரி. மறுநாள் சொல்லியிருக்கலாமே. இப்ப சொல்லலாமே."

"அது உங்கம்மாவுக்குக் கொடுத்தாச்சு, ரே. கொடுத்துட்டுத் திருப்பிக் கேக்கற பழக்கம் எங்க வீட்டுல இல்ல."

"அப்ப உனக்கு என்னடா மிச்சம்?"

கிளிஃப் வாய் திறப்பதற்குள் முன்னறையில் விளக்கவுரையாளரின் குரல் கிறீச்சிட்டது. மவுரீன் ஓடினாள். அடுத்த கணம் வீடே அதிரும்படி அவள் அலறல்.

"பெனால்டி! கிளிஃப்! பெனால்டி கொடுத்துட்டாங்க! கூட்டம் பூரா அந்தப் பையன் பேரச் சொல்லிக் கத்துது! பந்த அவன் கையில திணிக்கறாங்க!"

இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு நொண்டி ஓடினார்கள். திரையில் டெவான் மார்ஷ் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

கிளிஃபின் உதடுகள் அசைந்தன. "போட்டுடு மகனே. இந்தப் பாரம் உனக்கு வேணாம். இத எப்படித் தூக்கறதுன்னு எனக்குத்தான் தெரியும். போட்டுடு!"

மார்ஷ் ஓடினான். அடித்தான். கோல்காவலன் இடப்பக்கம் பாய, பந்து வலப்பக்க வலையில் போய்ப் புதைந்தது.

ஐயோ, அந்தக் காட்சியை என்னவென்று சொல்வது! மவுரீன் சோபாவின் மேல் ஏறி நின்றாள். ரே, தான் போட்ட எந்தக் கோலுக்கும் அழாதவர், குலுங்கிக் குலுங்கி அழுதார். கிளிஃப் பார்லோ உடைந்த மூக்கை உயர்த்தி, இரு கைகளையும் வானத்துக்கு நீட்டினார். முந்நூற்றுப் பதினெட்டு ஆட்டங்களில் ஒருமுறைகூட அவருக்கு வாய்க்காத நிற்பு அது. கோல் போட்டவன் நிற்கிற நிற்பு!

திரையில் அவருடைய இளவயதுப் படம் வந்தது. கீழே அவர் பெயர். அதற்குப் பக்கத்தில் பெரிதாக, அழகாக, வட்டமாக ஒரு சைபர்.

"கேட்டியே, என்ன மிச்சம்னு," என்றார் ரேயிடம். "பாத்துக்கோ. ஒரு கோல் போட்டவன் இந்த நாட்டுல தெருவுக்கு நாலு பேரு இருக்கான். இது ஒருத்தன்கிட்டதான் இருக்கு."

மவுரீன் சோபாவிலிருந்து இறங்கி வந்தாள். கணவரின் இடது காதை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். பிறகு, திருகிய இடத்திலேயே ஒரு முத்தம் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ, ரே. கறி அடைச்சுச் சுட்ட ரொட்டி இருக்கு, கிழங்கு இருக்கு. என்ன, இவர் சீவினதுல நெல்லிக்காய் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கு."

"வேணாம்மா. எம் பொண்ணு கார்ல காத்திட்டிருக்கா."

கிளிஃப் பந்தைத் துடைத்துப் பைக்குள் போட்டு ரேயின் கையில் கொடுத்தார். ரே வாங்கத் தயங்கினார்.

"எடுத்துட்டுப் போடா. உங்கம்மா தேடுவாங்க."

கதவைத் திறந்ததும் மழையோடு பாட்டும் உள்ளே வந்தது. தெருமுனை மதுக்கடையிலிருந்து எங்கள் ஊர் முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தது. "பார்லோ கோல் போட்டா, நாங்க எல்லாம் மைதானத்துல!"

ரே படியில் நின்று திரும்பினார். "குதிச்சிருக்கணும்டா அவங்க எல்லாரும். அன்னைக்கே."

"வாய மூடிட்டுப் போ. வழுக்கும், பாத்து."

பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ரே டாட்டர்சால் காரை நோக்கி நடந்தார். கிளிஃப் பாட்டின் கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.