ரைட்டுக்கு மாற்று ஆள்

ஒரு நாள் மத்தியானம் பேருந்தின் பின் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் அழுது அழுது அந்தக் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. அந்த நடை முழுக்க என் தம்பி விசில் ஊதவே இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் டிரைவரின் தோளைத் தட்டியிருக்கிறான். இது டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தம்பி இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

தெருவில் அவனை எல்லாரும் ரைட்டு என்பார்கள். சோறு போதுமா என்றாலும் ரைட்டு, தலை வலிக்கிறதா என்றாலும் ரைட்டு. பதினாலு வருஷமாகக் கண்டக்டர் வேலை. அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டில்தான் இருக்கிறான்.

அப்படி அளந்து பேசுகிறவன் ஒரு திங்கட்கிழமை பேச ஆரம்பித்து வெள்ளிக்கிழமை வரை வாயை மூடவில்லை. கண்ணையும் மூடவில்லை. வீட்டையே பேருந்தாக்கிவிட்டான். அடுப்படி ஒரு ஸ்டாப், கூடம் ஒரு ஸ்டாப். என் வீட்டுக்காரர் துண்டோடு குளிக்கப் போனால், கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க என்று கதவைத் தட்டுவான். முதல் ரெண்டு நாள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆண்டவன் மன்னிக்கட்டும், அது நோய் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சோற்றைத் தள்ளிவிட்டான். வியாழக்கிழமை மெயின் ரோட்டின் நடுவில் போய் நின்று, வந்த லாரியை விசில் ஊதி நிறுத்தினான். லாரி நின்றது. அவன் முழங்காலுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், ராத்திரியெல்லாம் தம்பியோடு விழித்திருந்துவிட்டு விடியலில் டிப்போவுக்குப் போன டிரைவர் வாசலில் நிற்கிறார். டிப்போ சுவரில் ஒட்டியிருந்த மனநல உதவி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் வேண்டுதலுக்கு இத்தனை சீக்கிரம் பதில் வந்து நான் பார்த்ததில்லை.

போனில் ஒரு பெண் பேசினாள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை, சாகப்போகிறேன் என்று பேசுகிறாரா, கையில் கத்தி ஏதாவது இருக்கிறதா, முன்னால் இப்படி வந்ததுண்டா என்று நிதானமாகக் கேட்டாள். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். தனியாக விடக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது, வர மறுத்தால் உடனே திரும்பக் கூப்பிட வேண்டும் என்றாள். பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், அப்புறம் உங்களை நம்பமாட்டார் என்றும் சொன்னாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். கூடப் பிறந்தவளே கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று நினைத்துவிட்டால்? திரும்பி வந்தாலும் என்னிடம் திரும்பி வருவானா? அந்தப் பயத்தில் அவள் சொன்ன கடைசி புத்திமதி காற்றில் போய்விட்டது. டிரைவர் ஒரு வேன் கொண்டுவந்ததும், கல்யாணத்துக்குப் போகிறோம், கிளம்பு என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

"யாருக்குக்கா கல்யாணம்?"

பொய் சொல்லிப் பழகாத வாய். பக்கத்தில் யார் நின்றாரோ அவர் பேரே வந்தது. "டிரைவருக்கு."

டிரைவருக்கு ரெண்டு பெண்கள், மூத்தது காலேஜில் படிக்கிறது. மனுஷன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார். தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான். "அண்ணிகிட்ட சொல்லிட்டியாடா? உன்ன உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்களே." என் வீட்டுக்காரர் சிரித்தார், டிரைவர் சிரித்தார், அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன். சட்டென்று தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீ பொய் சொல்ற அளவுக்கு எனக்கு என்னக்கா ஆச்சு?"

"அஞ்சு நாளா நீ தூங்கலடா. நேத்து லாரி முன்னால போய் நின்ன. எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். "ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? அத முதல்லயே சொல்லக்கூடாதா? ஏறுங்க, ஏறுங்க" என்று எங்களை ஏற்றிவிட்டு, கடைசியில் அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். வழியில் எந்த சிக்னலையும் அவன் விசில் ஊதாமல் டிரைவர் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் நான் நின்று திரும்புவதற்குள் தம்பி வரிசையைக் கையில் எடுத்துக்கொண்டான். உள்ளே போங்க, நடுவுல இடம் கிடக்கு, பெரியவருக்கு வழி விடுங்க. சனம் நகர்ந்தது. யாரோ புது ஊழியர் என்று நினைத்த நர்ஸ், சக்கர நாற்காலி ஒன்றை எடுத்துவரச் சொல்ல, ரைட்டு என்று ஓடினான். அந்த நேரம் பார்த்து எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா இளம் வயசு. எதிரில் அழுக்குச் சட்டையும் சிவந்த கண்ணுமாக உட்கார்ந்த டிரைவரைப் பார்த்து, எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டார்.

"அஞ்சு நாளா மேடம்" என்றார் டிரைவர். அது உண்மைதான், ராத்திரியெல்லாம் தம்பிக்கு அவர்தான் காவல்.

காதில் குரல் ஏதாவது கேட்கிறதா என்று டாக்டர் கேட்க, "விசில் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு மேடம்" என்றார். நாடி பிடிக்கும் வரை விட்டுவிட்டு, நோயாளி இவர் இல்லை, வெளியே வரிசை போடுகிறாரே அவர்தான் என்று நான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பியைக் கூட்டி வந்ததும் அவனோடு அரைமணி நேரம் பேசினார். இது மனசின் வேகம் கட்டுக்கடங்காமல் போகிற நோய், மருந்துக்குக் கேட்கும், பத்து நாளாவது இங்கே தங்க வேண்டும் என்று அவனிடமே சொன்னார். அவன் தலையாட்டவில்லை.

"ஷிஃப்ட் முடியல மேடம். மாத்து ஆள் வராம வண்டிய விட்டு இறங்கக்கூடாது. அது ரூல்."

"நெசம்தான் மேடம்" என்றார் டிரைவர். "ஒரு தடவை மாத்து ஆள் வராம பதினாறு மணி நேரம் ஓட்டுனோம்."

டாக்டரம்மா அதட்டவில்லை. மாற்று ஆள் யார் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்தேன். இன்னொரு பொய்யோ என்று மனசு உறுத்தியது. ஆனால் அவன் சுமந்து ஓடிக்கொண்டிருக்கிறானே, அதை வேறு யார் வாங்க வேண்டும்?

"நான்தான்டா. நீ இறங்கு, நான் பாத்துக்கிறேன்."

மேலும் கீழும் பார்த்தான். "ஒரு விசில்னா?"

"நிக்கணும்."

"ரெண்டுன்னா?"

"போகணும்."

"வயசானவங்க இறங்குறப்ப?"

எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு காலும் தரையில பட்டதப் பாத்துட்டுதான் ஊதணும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு விசிலை என் கையில் வைத்தான். சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ‘இறங்கிய நேரம் 11.40’ என்று எழுதினான். நர்ஸ் அதை அடிக்கப் போனாள். டாக்டரம்மா விடச் சொன்னார். மருந்து கொடுத்த பிறகு இருபது மணி நேரம் தூங்கினான்.

நேற்று எட்டாம் நாள். டிரைவரும் நானும் வழக்கம்போலப் பார்க்கப் போயிருந்தோம். மருந்தில் நாக்குத் தடித்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். பார்வை நேரம் முடிந்ததும் வார்டு கதவு வரை கூட வந்தான். எட்டு நாளாகத் தொண்டையில் கிடந்ததை அங்கே வைத்துக் கேட்டுவிட்டேன், என் மேல கோபமாடா என்று.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு டிரைவரை ஒரு பார்வை பார்த்தான்.

"நாளைக்கு நீ மட்டும் வாக்கா. இந்த டிரைவர் வேண்டாம். என் கட்டில்ல படுத்துக்கிட்டுக் குறட்டை விடுறான், எனக்குத் தூக்கம் கெடுது."